பின்பக்கம் அண்ணனுடையது

காலை ஏழே முக்காலுக்குக் கொட்டகையில் நின்ற பிக்கப்பின் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு, கிளம்புகிறேன் என்றாள் அவள். வலது கால் ஒருமுறை ஆடியது. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் கணவரின் முகத்தோடு பேசியதைவிட அந்தக் காலோடு பேசியதுதான் அதிகம் என்று அவள் சொல்வதுண்டு.

வாசலுக்குப் போனவளை வண்டிக்கு அடியிலிருந்து குரல் நிறுத்தியது.

"இந்தா, ஒரு நிமிஷம். பின்னாடி மாத்திட்டேன். அவன்கிட்ட சொல்லிடு..."

"நான் எதையும் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "பதினாலு மாசமா சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேஞ்சுபோச்சு. உங்க தம்பி, உங்க வாய். நீங்களே சொல்லிக்குங்க."

அடியில் ஸ்பானர் இரண்டு முறை கணீரென்றது. அவர் மறுபடி என்னவோ சொன்னார். அதற்குள் அவள் இரும்புக் கேட்டை இழுத்துவிட்டாள்; அந்தக் கேட்டின் கிறீச்சில் இடி விழுந்தாலும் கேட்காது. எட்டு மணிப் பேருந்தை விட்டால் பள்ளி நூலகத்தைத் திறக்க ஆளில்லை.

மதியம் மூன்று மணிக்குச் சற்று முன்பு, வேலை பார்த்த நீரேற்று நிலையத்தின் இரும்புப் படியில் அவள் கணவர் உட்கார்ந்தார். கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று கூட இருந்தவரிடம் சொன்னார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அந்த வண்டியைப் பற்றியும் அந்தப் பதினான்கு மாதத்தைப் பற்றியும் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அது கல்குவாரியில் இருபத்தேழு வருஷம் உழைத்த நாலு சக்கர இழுவைப் பிக்கப். நான்கு சக்கரமும் ஒன்றாகத் தள்ளுவதால் சேற்றிலும் சரிவிலும் நிற்காமல் ஏறும். அதைக் குவாரிக்காரர்கள் கழித்துக் கட்டியபோது அண்ணனும் தம்பியும் கூட்டாக வாங்கிக் கொட்டகையில் நிறுத்தினார்கள். மலையேறிய வண்டியை நேர்கோட்டுப் பந்தயத்தில் ஓட்டப்போகிறார்களாம். நானூறு மீட்டர், இரண்டு வண்டி, ஒரு பச்சை விளக்கு. முன்னால் போய்ச் சேர்கிறவன் ஜெயித்தான். இதற்கு வேறு வண்டியே கிடைக்கவில்லையா என்று அவள் கேட்டாள். கல்யாணத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

முதல் மூன்று மாதம் கொட்டகையிலிருந்து சிரிப்புதான் கேட்டது. சுமைத் தொட்டியைக் கழற்றி மெல்லிய தகட்டை அடித்தார்கள். உதிரிச் சக்கரம், அதைத் தாங்கிய சட்டம், பக்கத்து இருக்கை, ஹீட்டர், கதவின் உள்பலகை என்று எடை உள்ளதெல்லாம் வெளியே போய், அவள் துணி காயப்போடும் இடத்தில் மலையாகக் குவிந்தது. காடு மேடு ஏறுவதற்காகத் தூக்கி வைத்திருந்த உடம்பைத் தரைக்கு இறக்கினார்கள். ஓட்டுகிறவன் தலைக்கு மேல் இரும்புக் குழாயில் கூண்டு கட்டினார்கள். பிறகு சண்டை வந்தது.

கொழுந்தன் பேருந்து ஓட்டுநர். நேர்ச் சாலையில் முன்சக்கரம் தள்ளி என்ன ஆகப்போகிறது என்பது அவன் கட்சி. முன் அச்சும் அதைச் சுழற்றும் ஷாஃப்டும் வெறும் பாரம், கழற்றி எறி என்றான். அண்ணனோ, புறப்படும் நொடியில் நாலு காலும் ஊன்றினால்தான் பாய்ச்சல், முன்பக்கத்தைக் கழற்றினால் அது பிக்கப் இல்லை, கைவண்டி என்றார். ஒருவாரம் இருவரும் இதையே பேசினார்கள். எட்டாம் நாள் அண்ணன், தம்பி ஓட்டும் பேருந்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். தம்பி, அண்ணன் பார்த்துக்கொள்ளும் பம்பைப் பற்றிச் சொன்னான். அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. அதுதான் அவளுக்குத் தலைவலியாகிப் போனது. இருவரில் ஒருவராவது கோபித்துக்கொண்டு வண்டியை விட்டுத் தொலைத்திருந்தால் துணியாவது காய்ந்திருக்கும். கொட்டகைத் தரையில், வண்டியின் நடுவயிற்றுக்கு நேர் கீழே, அண்ணன் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். பின்பக்கம் தனக்கு. முன்பக்கம் வேண்டாம் என்றவன் எவனோ அவனே முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். கொழுந்தனும் வீம்புக்கு ஏற்றுக்கொண்டான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள் ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால், முயலின் கதி என்ன ஆகும் என்று அவள் ஓரகத்தியிடம் தொலைபேசியில் கேட்டாள். கொழுந்தனின் மனைவி அவள். இருவரும் தினமும் பேசுவார்கள். வண்டிக்குச் சக்களத்தி என்று பேர் வைத்ததும் அவர்கள்தான்.

அண்ணனுக்கு மதியத்துக்கு மேல் வேலை, அதனால் காலையில் பின்பக்கம். தம்பிக்கு நாலு மணிக்கு வேலை முடியும், அதனால் சாயங்காலம் முன்பக்கம். இருவருக்கும் பொதுவான எஞ்சினை, தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த லேத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்தார். மீதி எல்லாப் பேச்சும் அவள் வழியாகத்தான் போனது.

"அவன்கிட்ட சொல்லு, என் பதினேழாம் நம்பர் ஸ்பானர் கோட்டைத் தாண்டிப் போயிருக்கு. அது தானா நடந்து போகல."

"அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணி, வாய் தேஞ்ச ஸ்பானர் எனக்கெதுக்கு? பழையிரும்புக்காரன்கூட அதைத் தொடமாட்டான்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வசவை வடிகட்டிவிட்டு எண்ணை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். பழைய நூலகச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு போய்ப் படிப்பாள். அதனால் அவள் சொன்ன அளவு ஒருநாளும் தப்பானதில்லை. அண்ணி சொன்னால் அச்சடித்த மாதிரி என்று கொழுந்தன் வெளியிலும் சொல்லிவைத்திருந்தான்.

அப்படி அவள் சுமந்த எண்களில் பெரியது முப்பத்தேழு. ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றினால் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் என்கிற கணக்கு அது. அச்சின் நடுவே குண்டு மாதிரிப் புடைத்திருக்கும் பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்கள்தான் அதை முடிவு செய்கின்றன. முன்பக்கம் முப்பத்தேழு என்றால் பின்பக்கமும் முப்பத்தேழாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று கால் ஓட்டத்தில் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்ட இருவரில் ஒருவன் நடக்க, மற்றவன் ஓடுகிற கதைதான். இரண்டு பக்கமும் முப்பத்தேழு என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். தம்பி ஒப்புக்கொண்டு பதில் அனுப்பினான். அந்தச் சீட்டு அவள் கைப்பையில் வெகுநாள் கிடந்தது.

அவர் போய் மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கொழுந்தன் வந்தான். கொட்டகைக்குப் போகவில்லை. சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் கொடுத்தாள், குடித்தான். குவளையைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அண்ணன் கடைசியா ஏதாவது சொல்லச் சொன்னானா அண்ணி? எனக்கு."

அவன் கேட்பது எதை என்று அவளுக்குத் தெரிந்தது. பதினான்கு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது வந்து நிற்கிறவன் பற்சக்கரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவளிடம் இருந்ததோ, பின்னாடி மாத்திட்டேன் என்கிற அரைச்செய்தி. அதையும் வாங்கிக்கொள்ளாமல் வெடுக்கென்று பேசிவிட்டு வந்தவள் அவள். அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும்.

"இல்ல தம்பி" என்றாள்.

தலையை ஆட்டினான். குவளையை மேடையில் வைத்துவிட்டுப் போனான். அவன் போன பிறகுதான், எதை மாற்றினார் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். அவர் மாற்றாத நாளே கிடையாது. எண்ணெயை மாற்றுவார், பட்டையை மாற்றுவார், மாற்றியதை மாற்றுவார். எதுவாக இருந்தால் என்ன என்று மனதை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரமே முன்பக்கத்திலிருந்து சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வண்டியை விற்றுவிடலாம் என்று அவள் ஓரகத்தி மூலம் சொல்லிப் பார்த்தாள். முடித்துவிட்டு விற்கலாம் என்று அதே வழியில் பதில் வந்தது. இப்போது ஓரகத்தி தபால்காரியாகியிருந்தாள். இந்தக் குடும்பத்தில் யாராவது ஒருத்தி அந்த வேலையைப் பார்த்தே ஆகவேண்டும் போலிருக்கிறது.

ஐந்து மாதம் கொழுந்தன் சாக்பீஸ் கோட்டைத் தாண்டவில்லை. எஞ்சினுக்கு வேலை முடிந்தது. முன் அச்சில் முப்பத்தேழு ஏறியது. அகலமான வழுவழுப்பு டயர்கள் நான்கும் வந்தன. பின்பக்கத்தில் அண்ணன் விட்டுப்போன கந்தல் துணிகூட அச்சின் மேல் அப்படியே கிடந்தது. பின்டயர்களை மாட்ட வேண்டியிருந்தபோது லேத்துக்காரரைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னான். இவன் மாட்டினால் என்ன, கை வெந்துவிடுமா என்று லேத்துக்காரர் கேட்டார். அது அண்ணன் பக்கம் என்றான்.

கொட்டகைக்கு வெளியே சரளைக்கல் முற்றம். அதில் வண்டி முன்னும் பின்னும் நன்றாகவே போயிற்று. கல் சறுக்கிக் கொடுத்தது. பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பேருந்துப் பணிமனையின் காலியான தார்த் தளத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தான். முப்பது மீட்டர் போவதற்குள் வண்டி தவளையாகத் தத்தியது. திருப்பினால் ஸ்டியரிங் மாட்டேன் என்றது. நடுவில் இருக்கும் பெட்டி, எஞ்சினின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி, கைவைக்க முடியாமல் கொதித்தது. உள்ளே சங்கிலி முறுக்கிக்கொண்டு டொக்கென்றது.

பெட்டியில்தான் கோளாறு என்று கொழுந்தன் முடிவு கட்டினான். கழற்றினான், பார்த்தான், மாட்டினான். மறுபடி பணிமனை, மறுபடி தவளை. மறுபடி கழற்றினான். அந்த வாரம் முழுக்கக் கொட்டகையிலிருந்து கறுப்பு எண்ணெய் அவள் சமையலறை வரைக்கும் நடந்து வந்தது. வாசல் மிதியடியில், குழாய்ப் பிடியில், சர்க்கரை டப்பாவின் மூடியில் விரல் தடம். உயிரோடு இருந்தவர் செய்தபோது கத்தியிருக்கிறாள். இப்போது கத்த ஆளும் இல்லை, அழவும் வரவில்லை. துடைத்துத் துடைத்து எரிச்சல்தான் மிஞ்சியது. செத்துப்போன மனுஷன் மேல் இவ்வளவு கோபம் வருமா என்று அவளுக்கே ஆச்சரியம். நீங்கள் பாட்டுக்குக் கோட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள், இங்கே நான் சர்க்கரை டப்பாவைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

மூன்றாவது முறை பெட்டி வெளியே வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். பந்தயம் ஞாயிறு. லேத்துக்காரரும் வந்திருந்தார். அவள் தேநீர் கொண்டுபோனாள். சங்கிலியைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த லேத்துக்காரர், இதில் ஒரு குறையும் இல்லை என்றார்.

"சின்னவனே, பின்னாடி பெரியவர் என்ன போட்டிருக்காரு? முப்பத்தேழுதானே?"

"முப்பத்தேழுதான்."

"பார்த்தியா?"

"நான் எதுக்குப் பார்க்கணும்? அண்ணி வந்து சொன்னாங்க. அண்ணி சொன்னா அச்சடிச்ச மாதிரி." கொழுந்தன் தேநீரை உறிஞ்சினான். "ஞாயித்துக்கிழமை பெட்டி வெடிச்சாலும் சரி, ஓட்டிப் பார்த்துடறேன்."

"வெடிச்சா அது உன் காலுக்குப் பக்கத்துல வெடிக்கும்பா. சங்கிலி தகட்டைக் கிழிச்சுக்கிட்டு உள்ள வரும். கூண்டு தலைக்குத்தான், காலுக்கு இல்ல."

அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாடி மாத்திட்டேன். எதை என்று இப்போது தெரிந்துவிட்டது. அவள் சொன்னது அச்சடித்த மாதிரி என்று நம்பித்தான் இவன் காலை வைக்கப்போகிறான். ஏற்கனவே ஒருவரை இரும்புப் படியில் விட்டாயிற்று.

"தம்பி" என்றாள். "அது முப்பத்தேழு இல்லையோ என்னவோ."

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் நின்றபடியே சொன்னாள். அன்று காலை அவர் வண்டிக்கு அடியில் இருந்ததையும், பின்னாடி மாற்றிவிட்டேன், அவனிடம் சொல்லிவிடு என்றதையும், மேலே சொல்ல விடாமல் தான் வாயை அடைத்ததையும், கேட்டை இழுத்ததையும் சொன்னாள். பிறகு அவர் என்னவோ சொன்னார், அது எண்ணாக இருந்திருக்கலாம், கேட்கவில்லை என்றாள். அவன் வந்து கேட்டபோது இல்லை என்று சொன்னதும் பொய்தான் என்றாள்.

லேத்துக்காரர் சங்கிலியை மெதுவாகத் தரையில் வைத்தார். கொழுந்தன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம் என்றுகூட இருந்தது.

"என்ன சொன்னான்? சரியா சொல்லுங்க அண்ணி. 'தம்பிகிட்ட சொல்லிடு'ன்னா, 'அவன்கிட்ட சொல்லிடு'ன்னா?"

தம்பி என்று சொல்லிவிட அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யாருக்கு என்ன நஷ்டம்? கேட்டவர் யாரும் இல்லை, மறுக்கவும் யாரும் இல்லை. ஆனால் பதினான்கு மாதம் சீட்டில் எழுதி எழுதிச் சுமந்தவள் அவள். ஒரு சொல்லை மாற்றினால் மற்றதையெல்லாம் அவன் எப்படி நம்புவான்?

"அவன்கிட்டன்னுதான் சொன்னார்."

கொழுந்தன் மூக்கால் சிரித்தான். "அதானே. மாறவே மாட்டான்." புறங்கையால் முகத்தைத் துடைத்தான், முகமெல்லாம் எண்ணெயானது. "ஆனா சொல்லச் சொன்னான், இல்ல?"

"சொல்லச் சொன்னார்."

அதற்கப்புறம் அவளுக்கு அடக்க முடியவில்லை. "ஒரே கொட்டகை. ஒரே வண்டி. நாலடி தூரம். அதைத் தாண்ட உங்க ரெண்டு பேருக்கும் கால் வரல, நான் தாண்டணும். நான் என்ன வாய்க்கால் பாலமா? அவர் நேரா உங்ககிட்ட சொல்லியிருந்தா, நீங்க நேரா அவர்கிட்ட கேட்டிருந்தா, நான் இன்னிக்கு இப்படி நிக்க வேண்டியதில்ல. அஞ்சு மாசமா தூக்கம் இல்ல எனக்கு. இதுக்கு நடுவுல சர்க்கரை டப்பாவை வேற எண்ணெயாக்கி வெச்சிருக்கீங்க."

லேத்துக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். டப்பாவில் அவர் தடமும் இருந்திருக்கலாம்.

பின்அச்சுப் பெட்டியின் மூடியைக் கழற்றினால் பற்களை எண்ணிவிடலாம். கொழுந்தன் மாட்டேன் என்றான். கழற்றாமலே பார்க்க வழி உண்டு என்றார் லேத்துக்காரர்: வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஷாஃப்டை எண்ண வேண்டியதுதான். பின்பக்கம் சுலபம். இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும்படி பெரியவர் பூட்டி வைத்திருந்தார். முன்பக்கம் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்து ஒரே வேகத்தில் சுற்றினால்தான் கணக்கு வரும். அதாவது சுற்ற இரண்டு பேர், அடியில் படுத்து எண்ண ஒருவர். ஒரே நேரத்தில் மூன்று பேர் கொட்டகையில் இருந்தால் பத்து நிமிஷ வேலை. பதினான்கு மாதத்தில் அப்படி ஒருநாள்கூட அமையவில்லை.

நாலு மூலைக்கும் முட்டுக் கொடுத்தார்கள். சக்கரங்களிலும் ஷாஃப்டுகளிலும் சாக்பீஸால் அடையாளம் போட்டார்கள். முதலில் முன்பக்கம். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வலது சக்கரத்தைப் பிடித்தாள். கொழுந்தன் இடது சக்கரம். நடுவில் எஞ்சின் இருந்ததால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஒன்று, இரண்டு என்று சேர்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே சுற்றினார்கள். அவள் வேகமாகச் சுற்றிவிட்டாள், மறுபடி முதலிலிருந்து. அவன் நின்றுவிட்டான், மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் முறை ஒத்து வந்தது. முப்பத்தேழும் கொஞ்சமும் என்றது அடியிலிருந்து குரல்.

பின்பக்கம் போனார்கள். கொழுந்தன் கோட்டருகே நின்றான். சுற்றப்போவது சக்கரத்தைத்தான், பிரிக்கப்போவதில்லை என்று அவள் சொன்னாள். அவன் குனிந்து அச்சின் மேலிருந்த கந்தலை எடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான். அவன் ஒருவனே சுற்றினான். அவள் சக்கரத்தை எண்ணினாள். லேத்துக்காரர் அடியில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு. சக்கரத்துக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. மூன்று பேருக்கும் அங்கேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் நிறுத்தவில்லை. பத்தாவது சுற்று முடியும்போது ஷாஃப்டின் சாக்பீஸ் கோடு நேராக அடிக்கு வந்து நின்றது.

"நாற்பத்தொண்ணு" என்றார் லேத்துக்காரர். "கொஞ்சம்கூட இல்ல. சுத்தமா நாற்பத்தொண்ணு. புறப்பாட்டுக்கு இதுதான் சரி. எங்க கிடைச்சுதோ அவருக்கு."

ஞாயிற்றுக்கிழமைக்கு வழி இருந்தது, லேத்துக்காரரே சொன்னார். முன்ஷாஃப்டை எட்டு போல்ட்டில் கழற்றி வைத்துவிட்டால் பின்சக்கரம் மட்டும் தள்ளும், எந்த முரண்டும் இல்லை. கொழுந்தன் முதலிலிருந்தே கேட்டது அதைத்தானே என்றார்.

"வேண்டாம்."

"ஏம்பா, உன் கட்சிதானே?"

"ஆமா, என் கட்சிதான். இன்னிக்கும் சொல்றேன், முன்னாடி இருக்கிறது வெறும் பாரம். ஆனா அவன் உயிரோட இருந்தப்ப நான் ஜெயிக்கல. இப்ப எதிர்க்கட்சி இல்லாத நேரத்துல ஜெயிச்சா அது ஜெயிப்பா?" சங்கிலியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டான். "முன்னாடிக்கு நாற்பத்தொண்ணு தேடறேன். என் பக்கத்தை மாத்திக்கிறேன்."

எத்தனை நாளாகும் என்று அவள் கேட்டாள். பழைய மாடல், எல்லா இடத்திலும் கிடைக்காது, ஒரு மாதமோ இரண்டோ ஆகலாம் என்றார்கள். இன்னும் ஒரு மாதமோ இரண்டோ துணி கொடியில் காயாது என்று அவளுக்கு விளங்கியது. பழிவாங்கவே பிறந்த குடும்பம் என்று ஓரகத்தியிடம் அன்று சொன்னாள். சக்களத்தி இன்னும் கிளம்பவில்லையா என்று ஓரகத்தி கேட்டாள். சக்களத்திக்குப் பல் கட்டப்போகிறார்கள் என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். தொலைபேசியை வைத்த பிறகு, ஐந்து மாதமாக வராத அழுகை வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். பாத்திரம் முடிந்தும் அழுகை முடியவில்லை என்பதால் கழுவியதையே மறுபடி கழுவினாள்.

ஏழு வாரமானது. மூன்று பழைய வண்டிகளைப் பிரித்து நாலாவதில் கிடைத்தது. கொழுந்தன் மாட்டி முடித்த அன்றே மூன்று பேரும் மறுபடி முன்பக்கத்தைச் சுற்றி எண்ணினார்கள். நாற்பத்தொன்று. பணிமனைத் தாரில் வண்டி ஒருமுறைகூடத் தத்தவில்லை.

கைவிட்ட விமான ஓடுதளத்தில் நடந்த அடுத்த பந்தயத்துக்கு அவளும் போனாள். போக நினைக்கவில்லை, வண்டி திரும்பி வருகிறதா என்று வாசலில் காத்திருக்கும் பொறுமை இல்லாததால் போனாள். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ஓரகத்தியோடு நின்றாள். பக்கத்துத் தடத்தில் தாழ்வான வெள்ளைக் கார் ஒன்று. பச்சை விளக்கு எரிந்ததும் நான்கு சக்கரமும் தரையைப் பிடித்தன. முதல் இருபது மீட்டர் பிக்கப்தான் முன்னால், ஒரு முழு வண்டி நீளம் முன்னால். ஓரகத்தி அவள் கையைப் பிடித்து நசுக்கினாள். அதற்குப் பிறகு வெள்ளைக் கார் தாண்டியது, தாண்டிக்கொண்டே இருந்தது. எதிர்முனைக்கு இவன் போய்ச் சேர்ந்தபோது அந்தக் காரின் ஓட்டுநர் தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தான் என்று பிற்பாடு கேலி செய்தார்கள்.

கொழுந்தன் வண்டியை ஓட்டித் திரும்பி வந்து வேலியருகே நிறுத்தினான். எஞ்சினை அணைக்காமல் இறங்கி, குனிந்து நடுப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். கையை அங்கேயே வைத்திருந்தான்.

"சூடே இல்ல அண்ணி" என்றான். "அந்த இருபது மீட்டர் பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்றாள்.

"அது அவன்." பெட்டியிலிருந்து கையை எடுத்தான். "மிச்சம் முன்னூத்தி எண்பது மீட்டர் முன்பக்கப் பாரம். சொன்னேன், கேட்டானா?"

வண்டியை விற்கவில்லை. முடித்துவிட்டு விற்கலாம் என்றவனுக்கு இன்னும் முடியவில்லை. அதற்குப் பிறகு எஞ்சின் மாறியது, கியர் பெட்டி மாறியது, முன்பக்கம் மட்டும் மூன்று முறை பிரிந்து சேர்ந்தது. துணிக்கொடியை அவள் மொட்டைமாடிக்கு மாற்றிக்கொண்டாள். பின்அச்சின் மூடியில் பத்து போல்ட். ஒன்றையும் இதுவரை யாரும் தொடவில்லை. சக்கரம் பத்துச் சுற்று, ஷாஃப்ட் நாற்பத்தொன்று.